“அதே மெஷின்தானுங்க, ஒரு அடி மட்டும் நீளம்”: மஞ்சள் பாலிஷ் டிரம்மின் டிசைன் ஃபைலைப் பிரித்து மேய்ந்த கதை

எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்குப் புது மெஷின் கேட்டு வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலான ஆர்டர் இப்படித்தான் வரும்: “போன வருசம் அந்தியூர்க்காரருக்குச் செஞ்சு குடுத்தீங்களே, அதே மாதிரிதானுங்க. டிரம்மு மட்டும் ஒரு அடி நீளமா வேணும்.” கேட்கிறவருக்கு அது சின்ன மாற்றம். பட்டறையில் டேப் பிடித்து அளந்து ஆங்கிள் வெட்டுகிறவருக்கும் அது பெரிய விஷயமில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் 3டி ஃபைல்தான் அந்த ஒரு வாக்கியத்தில் படுத்துவிடும்.

பெருந்துறைப் பக்கம் ஒரு பட்டறைக்காக இப்படிப் படுத்துவிட்ட ஒரு ஃபைலை ஒழுங்கு செய்தேன். அந்த வேலையின் குறிப்பு இது. சாஃப்ட்வேர் ஃப்யூஷன், 3டி வரைவதற்கானது. சாலிட்வொர்க்ஸ், ஃப்ரீகேட் வைத்திருப்பவர்களுக்கும் பொத்தான்களின் பெயர்தான் மாறும், சிக்கல் ஒன்றுதான்.

முதலில் மெஷினைச் சொல்லிவிடுகிறேன். வேகவைத்துக் காயப்போட்ட மஞ்சளின் மேலே கறுத்த தோலும் வேர்த்துணுக்கும் ஒட்டியிருக்கும். எக்ஸ்பேண்டட் மெஷ் (வைரக்கண் போட்ட இரும்பு வலைத்தகடு) சுற்றிய டிரம்முக்குள் கொட்டி மெதுவாகச் சுற்றினால், மஞ்சள் மெஷ்ஷில் உரசியும் ஒன்றோடொன்று உரசியும் பளபளப்பாகும். தூசி கண் வழியாகக் கீழே விழும். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரலியோ கிழங்கோ, மார்க்கெட்டுக்குப் போகும் முன் பாலிஷ் போட்டால்தான் பார்வையாக இருக்கும்.

இந்த மெஷினில் டிரம் 3 அடி விட்டம், 4 அடி நீளம். நடுவில் 50 மில்லிமீட்டர் சாஃப்ட் (சுழலும் தண்டு), இரண்டு பக்கமும் அதைத் தாங்க யூசிபி 210 பேரிங். 50க்கு 6 ஆங்கிளில் (எல் வடிவ இரும்பு) ஸ்டாண்டு. 1440 ஆர்பிஎம் மோட்டாரிலிருந்து 3 இஞ்சு, 9 இஞ்சு புல்லி வழியாக 480 ஆகி, 15க்கு 1 கியர்பாக்ஸில் இறங்கி, டிரம் நிமிடத்துக்கு 32 சுற்று சுற்றும். அதைத் தாண்டி வேகமாகச் சுற்றினால் மஞ்சள் உருளாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு போக ஆரம்பிக்கும், விரலியும் உடையும்.

ஃபைலை முன்பு யாரோ வெளியாள் வரைந்து கொடுத்திருக்கிறார். படம் பார்க்க அருமையாக இருந்தது. போல்ட் தலை வரை போட்டிருந்தார். சரி, டிரம் நீளத்தை 1220 மில்லியிலிருந்து (4 அடி) 1525 (5 அடி) ஆக்கிப் பார்ப்போம் என்று மாற்றி என்டர் தட்டினேன். கீழே டைம்லைனில் (வரைந்த படிகள் வரிசையாக நிற்கும் பட்டை) பாதி ஐகான்கள் மஞ்சளாயின, சில சிவப்பாயின. (மஞ்சள் மெஷினுக்கு மஞ்சள் எச்சரிக்கை, பொருத்தம்தான்.) ஒரு பேரிங் ஸ்டாண்டை விட்டு விலகி அந்தரத்தில் நின்றது. கதவு பழைய இடத்திலேயே இருந்தது, அதன் கொண்டி மட்டும் ஒரு அடி தள்ளிப் போயிருந்தது.

ஏன் என்று பார்க்க இடது பக்கத்து பிரவுசரை, அதாவது ஃபைலில் இருப்பவற்றின் பட்டியலை, விரித்தேன். பாடி1, பாடி2 என்று 140ஐத் தாண்டி ஓடுகிறது. எல்லாம் ஒரே ரூட்டின் (ஃபைலின் மேல்மட்டம்) கீழே. காம்போனென்ட் ஒன்றுகூடக் கிடையாது. ஷிஃப்ட், N இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு காம்போனென்ட்டையும் வேறுவேறு நிறத்தில் காட்டும், டைம்லைன் ஐகான்களின் கீழேயும் அதே நிறக் கோடு வரும். எது எதைச் சேர்ந்தது என்று ஒரே பார்வையில் தெரிய அதுதான் வழி. இங்கே எல்லாம் ரூட்டிலேயே கிடந்ததால் அந்த வசதியால் பிரயோஜனமில்லாமல் போனது.

பாடிக்கும் காம்போனென்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். பாடி என்பது வெறும் உருவம். காம்போனென்ட்டுக்குச் சொந்தமாக ஒரு ஒரிஜின் (அளவு தொடங்கும் புள்ளி) உண்டு, சொந்த ஸ்கெட்ச்கள் (கோட்டுப் படங்கள்) உண்டு, பார்ட் நம்பர் உண்டு, மூட்டு மாதிரி ஜாயின்ட் போட்டால் அசையும். டிராயிங்கில் பார்ட்ஸ் லிஸ்ட் எடுத்தால் காம்போனென்ட் மட்டும்தான் வரிசையில் வரும், பாடி வராது. நான் வைத்திருக்கும் அளவுகோல் இன்னும் எளிது: அதைத் தனியாக வாங்குவோமா, தனியாக வெட்டுவோமா, தனியாக அசையுமா? மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் காம்போனென்ட்.

அந்த அளவுகோலில் கியர்பாக்ஸ் ஒரே காம்போனென்ட். உள்ளே எத்தனை பல்சக்கரம் இருந்தால் நமக்கென்ன, நாம் வாங்குவது ஒரு பெட்டி. ஸ்டாண்டு அப்படியல்ல. வெல்டு வைத்த பிறகு அது ஒரே சாமான்தான், ஆனால் ஒவ்வொரு ஆங்கிளையும் தனித்தனியாக வெட்டியாக வேண்டும். அதனால் ‘ஸ்டாண்டு’ என்று ஒரு காம்போனென்ட், அதற்குள் ஒவ்வொரு வெட்டுத் துண்டும் ஒரு காம்போனென்ட், எல்லாவற்றையும் அசையாமல் ஒன்றாகக் கட்டி ரிஜிட் குரூப். இப்படிப் பிரித்துப் போட வேலை கூடத்தான். பலன் கடைசியில் கட்டிங் லிஸ்ட் எடுக்கும்போது தெரியும், அதற்கு வருகிறேன்.

பாடி மேல் ரைட் கிளிக் செய்து காம்போனென்ட்டாக மாற்ற ஒரு கட்டளை இருக்கிறது. பலரும் அதை எல்லாப் பாடிக்கும் ஒரே வீச்சில் கொடுத்துவிட்டு ஃபைல் ஒழுங்காகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பிரவுசர் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அந்த உருவத்தைப் பெற்ற ஸ்கெட்ச்சும், அதற்குக் கனம் கொடுத்த எக்ஸ்ட்ரூடும் பழையபடி ரூட்டிலேயே நிற்கும். டைம்லைனில் ‘இந்தப் பாடி இங்கே குடிபெயர்ந்தது’ என்று ஒரு ஐகான் கூடும், அவ்வளவுதான். நாளைக்கு அந்தத் துண்டைத் திருத்த வேண்டுமென்றால் பழைய குவியலில்தான் போய்த் தேட வேண்டும். இனி மாறவே மாறாத சில்லறைச் சாமான்களுக்கு, அதாவது நெம்புகோல் பிடி, பெயர்ப்பலகை, கிரீஸ் கப் போன்றவற்றுக்கு, அந்தக் கட்டளையைப் பயன்படுத்தினேன். டிரம், சாஃப்ட், ஸ்டாண்டு மூன்றையும் புதிதாக வரைவதென்று முடிவு செய்தேன்.

வரைவதற்கு முன் பழைய ஆள் என்ன வரிசையில் யோசித்தார் என்று தெரிய வேண்டும். டைம்லைன் மார்க்கரை இடது கோடிக்கு இழுத்துவிட்டு ஒவ்வொரு படியாக முன்னே நகர்த்திப் பார்த்தேன். இதைச் செய்யாமல் யாருடைய ஃபைலிலும் கை வைக்கக்கூடாது என்பது என் கருத்து. மெஷின் தரையிலிருந்து எழும்புவது போல வரைந்திருந்தார்: முதலில் ஸ்டாண்டின் கால்கள், கால் மேல் குறுக்கு ஆங்கிள், ஆங்கிளின் மேல்முகத்தில் பேரிங், பேரிங் ஓட்டையிலிருந்து சாஃப்ட், சாஃப்ட்டைச் சுற்றி டிரம். பட்டறையில் கட்டும் வரிசையும் இதேதான். படம் வரைய உட்கார்ந்தால் யாருக்கும் இதுதான் இயல்பாகத் தோன்றும்.

கஷ்டம் என்னவென்றால், வாடிக்கையாளர் ஸ்டாண்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவர் கேட்பது டிரம். ஹிஸ்டரியிலோ, அதாவது டைம்லைன் வரிசையிலோ, டிரம் கடைசிப் பிள்ளை. ஸ்டாண்டு 1490 என்று முதலிலேயே அடித்து வைத்தாகிவிட்டது, பேரிங் அதில் உட்கார்ந்துவிட்டது. கடைசியில் போய் டிரம்மை நீட்டினால் முன்னால் இருப்பவற்றுக்கு அது எப்படித் தெரியும்? ஹிஸ்டரியில் செய்தி முன்னிருந்து பின்னுக்குத்தான் ஓடும். ஆக, கட்டுகிற வரிசையில் ஹிஸ்டரி இருப்பதால் பயனில்லை. கேட்கிற வரிசையில் இருக்க வேண்டும். எது அடிக்கடி மாறுமோ, எந்த அளவைச் சொல்லி ஆர்டர் வருமோ, அது தலையில் நிற்க வேண்டும். மற்றவை அதன் வாலைப் பிடித்து வர வேண்டும்.

பட்டறை அண்ணனிடம் கேட்டேன்: “அண்ணா, ஆர்டர் எடுக்கறப்போ என்னென்ன மாத்திக் கேப்பாங்க?”

“நீளம்தான் தம்பி முக்கால்வாசி. அப்புறம் மோட்டார் ரெண்டு ஹெச்பியா மூணா. செல பேரு உயரத்தக் கொஞ்சம் தூக்கிக் கேப்பாங்க, அடியில டிராக்டர் டிரெய்லர் நிக்கோணும்பாங்க. விட்டத்த யாரும் தொடறதில்லீங்.”

இதைவிடத் தெளிவான டிசைன் குறிப்பு வேண்டுமா? நீளம், மோட்டார், உயரம். இந்த மூன்றும் முதல் வரிசை.

புது டிசைன் திறந்து, எந்த உருவமும் வரைவதற்கு முன் பேராமீட்டர் (பெயர் வைத்த அளவு) பட்டியலில் பெயர்களைப் போட்டேன். பெயருக்கு நடுவே இடைவெளி விட முடியாது, அடிக்கோடு போட வேண்டும். டிரம்_நீளம் 1220. டிரம்_விட்டம் 914. சாஃப்ட்_உயரம். பக்க_இடம் 75, அதாவது டிரம் ஓரத்துக்கும் பேரிங் நடுவுக்கும் இடையில் விடுவது. பேரிங்_தூரம் என்பது டிரம்_நீளம் கூட்டல் இரண்டு பக்க_இடம், 1370. ஸ்டாண்டு_நீளம் அதோடு 120 கூட்டி 1490. பழைய ஃபைலில் இருந்த அதே 1490தான், ஆனால் இப்போது அது எங்கிருந்து வந்தது என்று ஃபைலுக்கே தெரியும்.

அடுத்து ‘மாஸ்டர்’ என்ற பெயரில் ஒரு ஸ்கெட்ச். பக்கவாட்டுப் பார்வையில் வெறும் கோடுகள்: தரை, சாஃப்ட் நடுக்கோடு, டிரம்மின் இரண்டு ஓரங்கள், பேரிங் நடுக்கள், ஸ்டாண்டின் வெளி எல்லை. முன்பார்வையில் இன்னொன்று: டிரம் வட்டம், கியர்பாக்ஸ் அவுட்புட், மோட்டார் பேஸ் மட்டம். இந்த இரண்டு ஸ்கெட்ச்சிலும் கனமோ தடிமனோ கிடையாது. எலும்பு மட்டும். இவை ரூட்டில் இருக்கும், டைம்லைனின் முதல் இரண்டு ஐகான் இவைதான். வேறு எதுவும் ரூட்டில் நேரடியாக இருக்கக்கூடாது.

பிறகு காலியாக காம்போனென்ட்களைப் படைத்து அடுக்கினேன்: டிரம், சாஃப்ட், ஸ்டாண்டு, டிரைவ், கதவு. வரைவதற்கு முன் படைப்பது முக்கியம். எதில் வேலையோ அதன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வட்டத்தைச் சொடுக்கி ஆக்டிவேட் செய்ய வேண்டும். செய்தால் மற்றவை மங்கலாகும், போடுகிற ஸ்கெட்ச் தானாக அதன் வீட்டுக்குள் போகும், டைம்லைனும் அந்த காம்போனென்ட்டின் வேலைகளை மட்டும் காட்டும். நூற்றுக்கணக்கான ஐகான் ஓடுகிற ஃபைலில் கதவை ஆக்டிவேட் செய்தால் கீழே பத்துப் பதினைந்துதான் தெரியும். அது கொடுக்கும் நிம்மதியைச் சொல்லி முடியாது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டாண்டை ஆக்டிவேட் செய்துகொண்டு பேரிங்கின் முகத்தில் ஸ்கெட்ச் போட்டால் ஸ்டாண்டு பேரிங்கைச் சார்ந்துவிடும். தெரிந்து செய்தால் தப்பில்லை; பேரிங் போல்ட் ஓட்டையைக் குறுக்கு ஆங்கிளில் பிரதி எடுக்க நானே செய்திருக்கிறேன். தெரியாமல் நடப்பதுதான் ஆபத்து. ஒரு முகத்தில் ஸ்கெட்ச் திறந்தாலே சுற்றியுள்ள விளிம்புகளைத் தானாக எடுத்துக்கொள்ளும் ஒரு வசதி ப்ரிஃபரன்ஸில் இருக்கும். முதல் வேலையாக அதை நிறுத்தினேன். அப்படி எடுத்த விளிம்புகள் ஊதா கோடுகளாகத் தெரியும்; பழைய ஃபைலில் அவை கண்டபடி படர்ந்து கிடந்ததற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

முகம், விளிம்பு இவற்றின் மேல் சார்ந்தால் ஏன் அறுந்துபோகிறது என்பதையும் சொல்லிவிடலாம். மென்பொருளுக்கு ‘பேரிங் உட்காரும் முகம்’ என்றெல்லாம் தெரியாது. இன்ன எக்ஸ்ட்ரூடில் இன்ன கோட்டிலிருந்து பிறந்த முகம் என்றுதான் நினைவு வைத்திருக்கும். முன்னால் ஒரு ஓட்டை கூடினாலோ ஒரு கோட்டை அழித்து வரைந்தாலோ முகங்களின் அடையாளம் மாறிவிடும், பின்னால் அதை நம்பி இருந்தவை ஆளைத் தேடி நிற்கும். ஃப்ரீகேடில் இந்தத் தொல்லை பல வருடம் பேர் போனது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் அதற்கு ஒரு பரிகாரம் சேர்த்தார்கள். எதில் வரைந்தாலும் வழி ஒன்றுதான்: முகத்தை நம்பாதே, மாஸ்டர் ஸ்கெட்ச்சின் கோட்டை நம்பு. கோடு நாம் வரைந்தது, நாமாக அழித்தால் ஒழிய எங்கும் போகாது.

இனி டிரம். இந்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

டிரம்மின் உடம்பு வளையங்களின் மேல் நிற்கிறது. 4 அடி டிரம்முக்கு இரண்டு ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மொத்தம் மூன்று. பழைய ஃபைலில் மூன்றும் தனித்தனிப் பாடி, ஒன்றை நகல் எடுத்து மற்றது. ஒரு வளையத்தின் பட்டை தடிமனை மாற்றினால் மற்ற இரண்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். நான் ‘வளையம்’ என்று ஒரே காம்போனென்ட் வரைந்து பேட்டர்ன் (சம இடைவெளியில் பிரதி எடுப்பது) போட்டேன். பிரவுசரில் வளையம்:1, வளையம்:2 என்று வரும். எதில் கை வைத்தாலும் எல்லாம் மாறும். காம்போனென்ட்டை காப்பி, பேஸ்ட் செய்தாலும் இப்படித்தான் கட்டுப்பட்டு நிற்கும். தனியாகப் பிரிந்து வாழ வேண்டும் என்றால் ‘பேஸ்ட் நியூ’ கொடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வலது பக்கக் காதை மாற்றப் போய் இடது பக்கமும் மாறிவிட்டதே என்று புலம்புகிறவர்கள் ஏராளம். இந்த மூலம், பிரதி என்கிற யோசனை புதிதும் அல்ல. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே ஒரு மூலப்படத்தை மாற்றினால் அதன் பிரதிகள் எல்லாம் மாறும். அறுபது வருடமாக இருக்கிற வசதியை நாம் இன்னும் காப்பி அடித்தே கழித்துக்கொண்டிருக்கிறோம்.

வளையங்களின் எண்ணிக்கையை யார் முடிவு செய்வது? வெல்டிங் அண்ணன் இரண்டு அடிக்கு மேல் வளையமில்லாமல் விட்டால் மெஷ் தொப்பை விடும் என்றார். அதை அப்படியே பேராமீட்டரில் எழுதினேன். கட்டம் என்று ஒரு பெயர். அதன் மதிப்பு, டிரம்_நீளத்தை 620 மில்லியால் வகுத்து மேல்நோக்கி முழு எண்ணாக்கியது. ஃப்யூஷனில் அதற்கு ‘சீல்’ (ceil) என்ற கணக்கு இருக்கிறது. வளையம் என்பது கட்டம் கூட்டல் 1. 1220ஐ 620ஆல் வகுத்தால் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 2 கட்டம், 3 வளையம், இடைவெளி 610. நீளத்தை 1525 ஆக்கினால் 3 கட்டம், 4 வளையம், இடைவெளி 508 சொச்சம். பேட்டர்னின் எண்ணிக்கையில் நேரடியாக எண் அடிக்காமல் இந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் நான்காவது வளையம் தானாக முளைக்கும். அதைத் திரையில் பார்த்த வெல்டிங் அண்ணன் இன்னொரு விஷயத்தைப் பிடித்தார்.

“மெஷ்ஷு நாலடி அகலம்தான் தம்பி வருது. அஞ்சடின்னா ஒட்டுப் போடோணுமல்ல? ஒட்டு வளையத்து மேல வர்ற மாதிரி பண்ணிப்போடுங்க. இல்லீன்னா அந்தரத்துல நின்னுட்டுப் பிரிஞ்சு வரும்.”

ஷீட் 1220 அகலம். 4 அடி டிரம்மில் ஒட்டே இல்லை, அதனால் பழைய ஃபைலில் அந்தப் பேச்சே எழவில்லை. 5 அடியில் வளையங்கள் 508, 1017 ஆகிய இடங்களில் விழுகின்றன. 1220 வரை மெஷ்ஷை ஓட்டினால் ஒட்டு இரண்டு வளையத்துக்கு நடுவில் விழும். அதனால் முதல் துண்டை 1017இல் நிறுத்தி மீதி 508ஐ இன்னொரு ஷீட்டில் எடுக்க வேண்டும். 1220 அகல ஷீட்டில் 508 பட்டை இரண்டு கிடைக்கும், வீணாவதும் குறைவு. மெஷ்ஷை இரண்டு காம்போனென்ட்டாகப் பிரித்து, இரண்டாவதை 4 அடிக்கு மேல் போகும்போது மட்டும் அன்சப்ரஸ் செய்வது (அணைத்து வைத்ததை இயக்குவது) என்று வைத்துக்கொண்டேன். அதைத் தானாக நடக்கும்படி சூத்திரத்தில் மடக்கியிருக்கலாம். கையால் ஒரு கிளிக் போதும் என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் தானியங்கி ஆக்கினால் அடுத்து வருகிறவனுக்கு என்ன நடக்கிறதென்றே புரியாது.

மெஷ் என்றதும் இன்னொன்று. பழைய ஃபைலில் வைரக்கண் ஒவ்வொன்றையும் வெட்டி, பேட்டர்ன் போட்டு, டிரம் முழுக்கச் சுற்றியிருந்தார்கள். கண்ணுக்கு அழகு. ஆனால் எந்த அளவைத் தொட்டாலும் அந்த ஆயிரக்கணக்கான ஓட்டைகளையும் கம்ப்யூட்டர் மறுபடி கணக்குப் போடும். மெஷ்ஷை யாரும் நம் படத்தைப் பார்த்து வெட்டப் போவதில்லை, ஷீட்டாக வாங்கத்தான் போகிறோம். 3 மில்லி சாதா தகடாக வைத்துவிட்டு, பார்ட்டியிடம் காட்ட மட்டும் மேலே மெஷ் தோற்றத்தைப் பூசினேன். ஃபைல் எழுந்து நடக்க ஆரம்பித்தது.

கதவில்தான் எதிர்பாராத கேள்வி வந்தது. கதவு இரண்டு வளையத்துக்கு இடையில் பொருந்துகிறது. இடைவெளி 610ஆக இருந்தபோது பெரிய கதவு. டிரம்மை நீட்டியதும் இடைவெளி 508 ஆகி, பெரிய டிரம்முக்குச் சின்னக் கதவு வந்துவிட்டது. கணக்குப்படி சரி, பார்ப்பதற்கு ஏறுமாறாக இருக்கிறதே என்று பட்டறை அண்ணனிடம் கேட்டேன். “இருவது இஞ்சு இருந்தாப் போதுங்க. மூட்டை வாய் உள்ளாற போகோணும், அவ்வளவுதான். ஆனா நடுவுல வெச்சுருங்க, அப்பத்தான் கொட்டறப்போ ரெண்டு பக்கமும் சமமா எறங்கும்” என்றார். மூன்று கட்டம் என்றால் நடுக்கட்டம் உண்டு. இரண்டு கட்டத்தில் நடு ஏது? கட்டத்தைப் பாதியாக்கி மேல்நோக்கி முழுமையாக்கினால் 2க்கு 1, 3க்கு 2 வரும். அந்தக் கட்டத்தின் மையத்தில் மாஸ்டர் ஸ்கெட்ச்சில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் கதவின் ஜாயின்ட். 4 அடியில் கதவு ஒரு பக்கமாக நிற்கும், 5 அடியில் நட்ட நடுவில்.

வாங்கும் சாமான்கள் சுருக்கமாக: பேரிங், மோட்டார், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஸ்டெப் ஃபைல் (எந்த 3டி சாஃப்ட்வேரிலும் திறக்கும் பொது வடிவம்) கிடைக்கும். அதில் ஹிஸ்டரி எதுவும் இருக்காது, வெறும் உருவம். அதுவே நல்லது, பேரிங்கின் வளைவை நாம் திருத்தப் போவதில்லை. ஒவ்வொன்றையும் தனி டிசைனாகச் சேமித்து வைத்துக்கொண்டு மெயின் ஃபைலில் செருகினேன். பெயருக்குப் பக்கத்தில் சங்கிலிச் சின்னம் தெரியும், டைம்லைனில் ஒரே ஐகான். மோட்டாரில் இது கை கொடுத்தது. 1440 வேகத்தில் 2 ஹெச்பி மோட்டார் 90 ஃப்ரேமில் (அடியிலிருந்து சாஃப்ட் மையம் 90 மில்லி) வரும், சாஃப்ட் 24 மில்லி. 3 ஹெச்பி என்றால் 100 ஃப்ரேம், சாஃப்ட் 28. மையம் 10 மில்லி உயரும், புல்லி ஓட்டையும் மாறும். இரண்டு மோட்டாரையும் தனி ஃபைலாக வைத்து, இரண்டிலும் அடித்தட்டின் நடுவில் ஒரே மாதிரி ஜாயின்ட் ஒரிஜின் (ஜாயின்ட் பொருந்தும் புள்ளி) போட்டுவிட்டால், ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பது அடுப்பில் சட்டி மாற்றுகிற மாதிரிதான். பெல்ட் இழுவைக்கு மோட்டார் பேஸில் நீள ஓட்டை இருக்கிறது, 10 மில்லி அதிலேயே அடங்கிவிடும்.

கடைசியாக டைம்லைனைச் சீவினேன். ஃபில்லட் (விளிம்பை உருட்டுவது), முனை மழுக்கல் எல்லாவற்றையும் அந்தந்த காம்போனென்ட்டின் கடைசிக்குத் தள்ளினேன். ஐகானைப் பிடித்து இழுத்தாலே நகரும். தான் சார்ந்திருக்கிற ஒன்றைத் தாண்டி முன்னால் இழுத்தால் மட்டும் மறுக்கும். அந்த மறுப்பே ஒரு தகவல்தான், யார் யாரை நம்பி நிற்கிறார்கள் என்று சொல்லிவிடும். அடுத்தடுத்து இருப்பவற்றைத் தேர்ந்து குரூப் ஆக்கிப் பெயரிட்டேன்: ‘டிரம் மூடி’, ‘பேரிங் ஓட்டைகள்’, ‘கொண்டி’. ஒவ்வொரு ஐகானுக்கும் பெயர் வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. யாராவது தேடி வரப்போகும் ஐகானுக்கு மட்டும் பெயர் வைத்தால் போதும், மற்றவை அதன் குரூப்புக்குள் தூங்கட்டும். காம்போனென்ட் பெயர்களைப் பட்டறையில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே வைத்தேன். சேவ் செய்யும்போது கேட்கும் குறிப்புப் பெட்டியைக் காலியாக விடாமல் ‘5 அடி, 4 வளையம், கதவு நடுவில்’ என்று எழுதினால், பழைய பதிப்பைத் தேடும்போது அதுதான் காப்பாற்றும்.

சோதனைக்கு 3 அடி, 4, 5, 6 என்று நீளத்தை மாற்றி மாற்றி அடித்தேன். 6 அடியில் 1830, மூன்று கட்டம்தான், இடைவெளி 610. எதுவும் சிவக்கவில்லை. 3 அடியில் மட்டும் கதவு 457 இடைவெளிக்குள் ஒடுங்கி, கொண்டி வளையத்தின் மேல் ஏறியது. 3 அடி டிரம்மை யாரும் கேட்டதில்லை என்றாலும் கொண்டியைக் கதவு ஓரத்திலிருந்து அளக்கும்படி மாற்றி வைத்தேன்.

பிறகு பார்ட்ஸ் லிஸ்ட். ஆங்கிள் துண்டுகளை காம்போனென்ட்டாகப் பிரித்ததன் பலன் இங்கேதான் வந்தது. ஸ்டாண்டின் நீளவாட்டுத் துண்டு நான்கு. 4 அடி மெஷினில் ஒவ்வொன்றும் 1490. நான்கும் சேர்ந்து 5960. ஆங்கிள் 6 மீட்டரில் வருகிறது. வெட்டுக்கு மூன்று மில்லி போனாலும் ஒரே ஆங்கிளில் நான்கும் அடங்கும். முதலில் வடிவமைத்தவர் 1490ஐத் தெரிந்துதான் பிடித்திருப்பார். டிரம் 5 அடியானதும் துண்டு 1795. ஒரு ஆங்கிளில் மூன்றுதான் தேறும், நான்காவதற்கு இன்னொன்றை உடைக்க வேண்டும். லிஸ்ட்டைப் பார்த்த அண்ணன் அதுவரை ‘ஒரு அடிதானே’ என்று சொல்லி வைத்திருந்த ரேட்டைப் பார்ட்டிக்குப் போன் போட்டுத் திருத்தினார். பக்க_இடத்தைக் குறைத்து நான்கையும் அடக்க முடியுமா என்றும் கேட்டார். 1500க்குள் வர வேண்டுமென்றால் ஸ்டாண்டு டிரம்மை விடக் குட்டையாகிவிடும், முடியாது. மீதமாகும் துண்டுகளைக் குறுக்கு ஆங்கிளுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிந்தது.

பட்டறைக்குக் கொடுத்தது மூன்று: லிங்க்கோடு சேர்த்து மூட்டை கட்டிய எஃப்3இசட் ஃபைல், டிரம் மூடி வெட்ட டிஎக்ஸ்எஃப் (வெட்டும் மெஷினுக்கான கோட்டுப் படம்), சுவரில் ஒட்ட ஒரு டிராயிங். பெல்ட்டை மூடும் தகட்டுக் காப்பை மட்டும் தொடவில்லை. பழைய ஃபைலிலிருந்து வந்த ஒரே பாடியாக, ஒரு காம்போனென்ட்டுக்குள் போட்டு, பார்ட்ஸ் லிஸ்ட்டில் ‘இடத்தில் அளந்து செய்ய’ என்று எழுதிவிட்டேன். அதை எப்போதும் பெல்ட்டை மாட்டிவிட்டுத்தான் தகடு மடக்குகிறார்கள்.